அண்ணன் குச்சிக்கு ஒரு போட்டோ

வளையுது. அட கடவுளே, வளையுது பாரு! மொட்டை மாடித் தரையில ஸ்கேல் மாதிரி நேரா கிடக்கிற குச்சி, போனுக்குள்ள போனதும் ரெண்டு முனையும் இறங்கி வில்லாட்டம் நிக்குது. இதை அப்படியே போட்டா போச்சு, நெட்ல இருக்கற குச்சிப் பைத்தியம் குரூப்புல ஒருத்தன் பாக்கியில்லாம "மேடம், உங்க குச்சி கோணிக்கிச்சு"ன்னு துக்கம் விசாரிக்க வந்துடுவான். கிட்ட நின்னு எடுக்கறே, அதான் வளையுது, கண்ணாடிக் கடையில நாள் முழுக்க லென்ஸ் துடைக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது பிலோமினா, பின்னாடி போ, இன்னும் போ, துணி காயப்போடற கம்பி தலையில இடிக்கிற வரைக்கும் போ, போய் நின்னு ஜூம் பண்ணு. ஆங். நேராயிடுச்சு. நேராயிடுச்சு, ஆனா இப்ப வெளக்கமாத்து ஈர்க்கு மாதிரி தெரியுது. இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு ஒல்லியா ஒரு சாமானை எவனால போட்டோ எடுக்க முடியும்! முழுசா எடுத்தா ஒண்ணும் தெரியல, தெரியற மாதிரி எடுத்தா முழுசா இல்ல. கழட்டு. நடுவுல மரை இருக்குல்ல, கழட்டி ரெண்டு பாதியையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வை, குரூப்புல பெரிய கைங்க எல்லாம் அப்படித்தானே போடறாங்க. பூல் டேபிள்ல பந்து அடிக்கிற குச்சி. கியூன்னு சொல்லணுமாம். பாலக்கரை பூல் பார்லர்ல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல, குச்சிதான், அண்ணனுக்கும் குச்சிதான். அண்ணன் குச்சி. இல்ல, என் குச்சி. இல்ல இல்ல, அண்ணன் குச்சிதான், என்கிட்ட இருக்கு.

மேகம் கலையறதுக்குள்ள எடுத்துடணும். புதன்கிழமை ரெஜினா அண்ணி சிங்கப்பூர்லேருந்து போன் பண்ணாங்கல்ல, அதுலேருந்து இதே நினைப்புதான். குசுகுசுன்னு பேசினாங்க, பக்கத்து ரூம்ல அண்ணன் இருந்திருக்கும். "பிலோ, உங்க அண்ணனும் அந்தக் குச்சிப் பைத்தியம் குரூப்புல இருக்காருடி. பேரை மாத்தி வச்சிக்கிட்டு. ஞாயித்துக்கெழம சாப்பிட்டதும் சோபாவுல படுத்துக்கிட்டு எல்லாரும் போடற போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பாரு. ஒரு வார்த்தை எழுத மாட்டாரு. பாத்துட்டு அப்படியே தூங்கிடுவாரு"ன்னாங்க. "அடுத்த வாரம் லீவுல வர்றோம். உங்க வீட்டுக்குப் போவோமான்னு கேட்டேன். எந்திரிச்சு போயிட்டாரு." எந்திரிச்சு போயிட்டாராம்! போன லீவுக்கும் லால்குடியில மாமியார் வீட்டுல இருந்துட்டு அப்படியே ஏரோப்பிளேன் ஏறியாச்சு, அதுக்கு முந்தின லீவுக்கும் அதே கதை. லால்குடிக்கும் நாங்க இருக்கற பொன்மலைப்பட்டிக்கும் நடுவுல என்ன கடலா இருக்கு? பஸ்ல ஏறினா தூக்கம் வர்றதுக்குள்ள இறங்கிடலாம். இந்தத் தடவையும் பாக்காம போயிட்டா அவ்வளவுதான், அதுக்கப்புறம் யாராவது செத்தாத்தான் பாத்துக்குவோம், அதுவும் எதிரெதிர் வரிசையில நாற்காலி போட்டுக்கிட்டு. அதான் இந்த போட்டோ. அண்ணன் கண்ணுல படணும். பட்டு, ஒரு வார்த்தை பேசணும். ஒரே ஒரு வார்த்தை, திட்டா இருந்தாக்கூடப் பரவால்ல. இன்னைக்கு ஞாயிறு, நமக்கு இட்லி செரிக்கறதுக்குள்ள அங்க மத்தியானச் சாப்பாடு முடிஞ்சிடும், சீக்கிரம் பிலோ, சீக்கிரம்!

விரிச்ச பெட்ஷீட்டுதான் சரியில்ல. ரோஜாப்பூவா போட்டு ஊரையே கூட்டுது, குச்சி எங்க இருக்குன்னு தேடணும். சாம்பல் கலர்ல ஏதாவது ஒண்ணு வேணும், சொரசொரன்னு, பளபளப்பு இல்லாம. சகாயம் பேன்ட்! அவரு ஆபீஸ் பேன்ட் சாம்பல்தான். "என்னங்க! அந்த ஆபீஸ் பேன்டைக் கொஞ்சம் மேல எடுத்துட்டு வாங்களேன்!" கீழேருந்து சத்தம் வருது, "எதுக்குடி?" "குச்சியைப் படுக்க வைக்க!" அப்புறம் படியேறி வந்து நிக்கறாரு மனுஷன், ஒரு கையில கரண்டி, ஒரு கையில பேன்ட், வாசல்ல பிச்சை வாங்க வந்தவராட்டம். பூசை முடிஞ்சு வந்ததும் கறிக் குழம்பு தன் பொறுப்புன்னு வாக்குக் குடுத்தாச்சு, அதனால கோவிச்சுக்கவும் முடியல. "நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போறது?" "கறுப்பு இருக்குல்ல?" "உங்க அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுபோற விஷயம்மா இது." "போட்டதும் அண்ணன் என் நம்பரை ப்ளாக் பண்ணது உங்களுக்குத் தெரியாதா?" "தெரியும், தெரியும்"னு தலையை ஆட்டறாரு, நல்ல மனுஷன், குச்சியை ஒரு பார்வை பாத்துட்டு, "இதுல உன் மூஞ்சி தெரியுது, அதைப் பாரு முதல்ல"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாரு. தெரியுது! ஐயோ, பாலிஷ்ல என் மூஞ்சி, போன் பிடிச்ச கை, மேல கம்பியில தொங்கற பாவாடை, எல்லாம் வரிசையா தெரியுது. பாவாடையை எடு. கடையில கண்ணாடி போட்டுப் பாக்கறவங்க முகத்துல ட்யூப்லைட் விழாம தலையைத் திருப்பச் சொல்லுவோம்ல, அதே கணக்குதான், குச்சியைக் கொஞ்சம் திருப்பு, இன்னும் ஒரு நூலு. போச்சு. மூஞ்சி போச்சு. நிழலு, ஆனா வெளிச்சம் உள்ள நிழலு, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல இந்த ஒரு பாய் அளவு எடத்துல மட்டும் இருக்கு, ராஜ நிழலு!

கைரேகை ஒண்ணு இருக்கு, பிடியில. துடை. கண்ணாடி துடைக்கிற துணியாலேயே துடைக்கலாம். துடைக்கத் துடைக்க மரத்துக்குள்ளேருந்து செவப்பு ஏறி வருது, அடியிலேருந்து நாலு ஈட்டி மாதிரி கூர்கூரா மேல ஏறி வெள்ளை மரத்துக்குள்ள குத்தி நிக்குது. அன்னைக்கு இதைத்தான் பாத்துக்கிட்டே நின்னேன், டேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கற அண்ணன் முகத்தைப் பாக்கப் பயந்துக்கிட்டு. கிறிஸ்துமஸ் போட்டி. பாலக்கரை பார்லர்ல வருஷா வருஷம் நடக்கும், வருஷா வருஷம் பெலிக்ஸ் அண்ணன்தான் ஜெயிக்கும், அது சாப்பாட்டுக்கு ரசம் மாதிரி வழக்கம். நான் பைனலுக்கு வந்ததும் அண்ணனுக்குத்தான் முதல்ல சிரிப்பு தாங்கல. என்கிட்ட சொந்தக் குச்சி கிடையாது, பார்லர் குச்சியோட முனைத் தோலு பிஞ்சு போயிருந்துச்சு, உடனே தன் குச்சியை நீட்டுச்சு, "இந்தா, இதுல ஆடித் தோத்துப் போ, குச்சி சரியில்லைன்னு அழுவக் கூடாது"ன்னுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பார்லர் குச்சியை அது எடுத்துக்கிச்சு. கடைசியில கறுப்புப் பந்து மட்டும் நிக்குது, அதைக் குழியில போட்டா ஜெயிச்சாச்சு, நேரா வழியில்ல, ஓரத்துல அடிச்சுத் திருப்பணும். அடிச்சேன். அந்தச் சத்தம் இன்னும் கையில இருக்கு, டொக்குனு, அப்புறம் பந்து மெதுவா, மெதுவா, வீட்டுக்குப் போற மாதிரி போயி விழுந்துச்சு. பயலுவ விசில்ல மேற்கூரை தூக்கிக்கிச்சு. அண்ணன் வந்து கை குடுத்துச்சு. என் கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வச்ச அதே கை, ஏதோ வெளியூர்க்காரிக்குக் குடுக்கற மாதிரி குடுத்துட்டு, "குச்சியும் நீயே வச்சுக்க"ன்னுட்டு படியிறங்கிடுச்சு. அதோட விட்டிருந்தா ஒரு வாரத்துல சரியாப் போயிருக்கும். இந்தப் பயலுவ சும்மா இருக்கலியே, "தங்கச்சி தோக்கடிச்ச பெலிக்ஸ்"னு பேர் வச்சுட்டானுங்க, டீக்கடையில, கோயில் வாசல்ல, அண்ணி சொந்தக்காரங்க கல்யாணத்துல எல்லாம் அதே பேருதான். சிங்கப்பூர் வேலைக்கு ஏர்போர்ட்ல வழியனுப்பப் போனப்பகூட எவனோ ஒருத்தன் சொல்லிச் சிரிச்சான். நான் அங்கதான் நின்னேன். என்னைத் தாண்டி அண்ணிகிட்ட மட்டும் "பாஸ்போர்ட் எடுத்தாச்சா"ன்னு கேட்டுட்டு உள்ள போச்சு. ஆறு வருஷம். இதுல நான் செஞ்ச தப்பு என்ன? ஜெயிச்சது தப்பா? தோத்திருக்கணுமா? எனக்கு விட்டுக்குடுத்து ஆடத் தெரியாதுன்னு அதுக்குத் தெரியாதா? ஜெயிச்சதுக்கு மன்னிப்புக் கேக்கவே மாட்டேன், அதை மட்டும் என் தலையில அடிச்சாலும் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன் வேணும்.

எடுத்துட்டேன். எடுத்துட்டேன்! அம்மாடி, இந்த ஒண்ணு பாரேன்! சாம்பல் துணி, ரெண்டு பாதியும் அண்ணன் தங்கச்சி மாதிரி பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு, நாலு ஈட்டியும் தகதகன்னு, நடுவுல பித்தளை மரை ஒரு பொட்டு வெளிச்சத்தோட, என் மூஞ்சி இல்ல, பாவாடை இல்ல, வளைவு இல்ல. கடையில கண்ணாடி விளம்பரத்துக்கு வந்து எடுத்தானே ஒரு போட்டோக்காரன், அவன்கூட இப்படி எடுக்கல. போட்டா லைக்கு கொட்டும். மலேசியாக்காரர் ஒருத்தர் எல்லாத்துக்கும் "அருமையோ அருமை"ன்னு போடுவாரே, அவரு ரெண்டு தடவை போடுவாரு. போட்டுடவா? எழுத என்ன எழுதறது, "அண்ணன் குடுத்த குச்சி"ன்னு போடலாமா, வேணாம், குத்திக் காட்டற மாதிரி இருக்கும், "பழைய நண்பன்"னு போடலாமா, சீ, யார் நண்பன், ஒண்ணும் எழுதாம போட்டா என்ன. அண்ணன் பாக்கும். சோபாவுல படுத்துக்கிட்டு ரெண்டு விரலால பெருசாக்கும். பிடியைப் பாக்கும், மரையைப் பாக்கும், கீறல் இருக்கான்னு முனை வரைக்கும் போய்ப் பாக்கும். நல்லா வச்சிருக்கான்னு நினைக்கும். அப்புறம்? அப்புறம் என்ன, தூங்கிடும். இதுல அது பேசறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் சரியா இருக்கே! இவ்வளவு நேரம் மெனக்கெட்டு, பேசவே வேண்டாத மாதிரி ஒரு போட்டோவை எடுத்து வச்சிருக்கேன் நான், இந்தக் கூத்தை என்னன்னு சொல்றது.

"பிலோ! குக்கர் எத்தனை விசிலு?" போச்சுடா. "எத்தனை வந்துச்சு?" "அதைத்தான் உன்னைக் கேக்கறேன்!" குச்சியை அவசரமா மாட்டித் திருகி டேங்குச் செவுத்துகிட்ட வச்சுட்டு ஓடறேன், ரெண்டு ரெண்டு படியா தாவி, அடுப்பை நிறுத்தி, "கறி கரைஞ்சு குழம்பா போயிருக்கும், போங்க"ன்னு அவரை ஒரு வார்த்தை சொல்லி, அவரு "சமையலும் விசில் எண்றதும் ரெண்டும் நானே பாக்கணும்னா எப்படி"ன்னு ஒரு வார்த்தை சொல்லி, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு மேல ஏறி வந்தா, யேசுவே! மேகம் கலைஞ்சு வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, நட்ட நடு வெயில்ல குச்சி செவுத்துல சாஞ்சு நிக்குது. சாய்ச்சு வச்சிருக்கேன்! நான்! பெலிக்ஸோட தங்கச்சி! சாய்ச்சு வச்சா மரம் தன் பாரத்துலயே வளையும், வெயில் பட்டா கேக்கவே வேணாம், இதை அண்ணன் சொல்லாத நாள் கிடையாது. சொல்றதுன்னா சாதாரணமாவா சொல்லும், பார்லர்ல எவனாவது குச்சியைச் செவுத்துல சாய்ச்சுட்டு டீ குடிக்கப் போனா, அண்ணன் தன் ஆட்டத்தைப் பாதியில போட்டுட்டுப் போயி அதை எடுத்துப் படுக்க வச்சுட்டு, அவன் திரும்பி வர்ற வரைக்கும் வாசல்ல நின்னு திட்டும். ஒருதடவை மப்டியில வந்த இன்ஸ்பெக்டரை, இன்ஸ்பெக்டர்னு தெரிஞ்சும், "சார், உங்க துப்பாக்கியை இப்படித்தான் வெயில்ல போட்டு வைப்பீங்களா"ன்னு கேட்டுடுச்சு, நாங்கள்லாம் டேபிளுக்கு அடியில ஒளிஞ்சுக்கலாமான்னு பாத்தோம். முன்னப்பின்ன தெரியாதவன் குச்சின்னாலும் விடாது. தாங்காது அதுக்கு. எதைத் தாங்கினாலும் இதைத் தாங்காது.

நில்லு. நில்லு நில்லு நில்லு. குச்சியைத் தொடாதே. போனை எடு. ஐயய்யோ, எனக்கே சிரிப்பு வருது, போனை எடுத்துட்டேன், கிட்ட நின்னே எடுக்கறேன், வளையட்டும், நல்லா வில்லாட்டம் வளையட்டும், பின்னாடி கம்பியில அந்தப் பாவாடையும் திரும்பத் தொங்கட்டும், வெயிலு பாலிஷ்ல பட்டு கண்ணைக் குருடாக்கட்டும். க்ளிக். இப்ப எடு குச்சியை, எடு எடு, பாவம், சூடேறிக் கிடக்கு, பேன்ட்ல சுத்தி மாடிப்படிக்குள்ள குளுமையில மடியில படுக்க வச்சுக்கிட்டு நானும் உக்காந்துட்டேன். போனுக்குள்ள ரெண்டு போட்டோ பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒண்ணு தேவதை, ஒண்ணு பேய். விரலு பேய்கிட்ட போகுது, திரும்புது. நல்லதைப் போட்டு அது பேசலைன்னா, பாக்கலைன்னு நினைச்சுக்கலாம், தூங்கிப்போச்சுன்னு நினைச்சுக்கலாம், கூச்சம்னு நினைச்சுக்கலாம், ஆயிரம் சொல்லி மனசைத் தேத்திக்கலாம். இதைப் போட்டும் பேசலைன்னா? இதைப் பாத்தும் கம்முனு தூங்கிட்டா? அப்ப முடிஞ்சுதுன்னு அர்த்தம். குச்சியும் வேணாம், நானும் வேணாம்னு அர்த்தம். அதுக்கப்புறம் தேத்திக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. பயமா இருக்கு. நிஜமாவே பயமா இருக்கு. தெரியாமலே இருந்துட்டா நல்லாயிருக்குமோ? இன்னொரு ஆறு வருஷம் இப்படியே ஓட்டிடலாமே? ஆனா ஓரத்துல அடிச்சுத் திருப்பினேனே அன்னைக்கு, அப்பவும் இப்படித்தான் பயமா இருந்துச்சு. போட்டுட்டேன். போட்டே போட்டுட்டேன், கீழ ஒரு வரி வேற, "நம்ம வீட்டுக் குச்சி, இப்படித்தான் நிக்கும் எப்பவும், நல்லாயிருக்கா?"

அடேயப்பா, என்னா அடி! போட்ட கை எடுக்கல, வர்றானுங்க. "மேடம், இது குச்சியா, கொடிக்கம்பமா?" "கண்ணுல ரத்தம் வருது." "அட்மின், இந்தம்மாவை குரூப்பை விட்டுத் தூக்குங்க." மலேசியாக்காரர்கூட அருமையோ அருமைன்னு போடல, அழற மூஞ்சி ஒண்ணு போட்டுட்டுப் போயிட்டாரு. ஒருத்தன் வெயில்ல மரம் எப்படி வளையும்னு பாடமே எடுக்கறான், எடுடா எடு, எடுத்துக்கிட்டே இரு. நான் ஒவ்வொரு பேரா பாக்கறேன். எது அண்ணன்? என்ன பேர் வச்சிருக்கும்? இந்தத் திட்டு அதுவா? இல்ல, அது இப்படி மரியாதையா திட்டாது. இதுவா? இவன் கோயம்புத்தூர்க்காரன். கீழேருந்து குழம்பு வாசம் ஏறி வருது, கரைஞ்சாலும் வாசம் நல்லாத்தான் இருக்கு, "சாப்பிட வர்றியா இல்லியா"ன்னு சகாயம் கூப்பிடறாரு, "வர்றேங்க"ன்னு சொல்லிட்டு அசையாம உக்காந்திருக்கேன். திட்டு வர்றது கொறைஞ்சு போச்சு. ஒண்ணு வருது, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு. இந்நேரம் சாப்பிட்டிருக்கும். இந்நேரம் சோபாவுல படுத்திருக்கும். இந்நேரம் பாத்திருக்கும். பாத்துட்டு... தூங்கிடுச்சு. தூங்கிடுச்சு பிலோ, அவ்வளவுதான், எந்திரி. மடியில இருக்கற துணி மூட்டையைத் தடவிக்கிட்டே இருக்கேன், கண்ணுல தண்ணி நிக்குது.

போன் அடிக்குது. சிங்கப்பூர் நம்பர், அண்ணி நம்பர் இல்ல. எடுத்துக் காதுல வச்சா ஹலோ இல்ல, எப்படியிருக்கேன்னு இல்ல, ஒண்ணுமில்ல, எடுத்த எடுப்புல "எடுத்தியா இல்லியாடி?"ன்னு ஒரு கத்தல். அந்தக் குரல். ஆறு வருஷமா கேக்காத குரல், கொஞ்சம் கரகரன்னு ஆயிருக்கு, ஆனா அதேதான். "ஏய் பிலோ! லைன்ல இருக்கியா? குச்சியை வெயில்லேருந்து எடுத்தியா இல்லியா? உனக்கு அறிவு இருக்கா? என்ன மரம் தெரியுமா அது? உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! அடுத்த வாரம் வர்றேன், வந்து உங்க வீட்டுத் தரையிலயே உருட்டிப் பாப்பேன், ஒரு மயிரளவு வளைஞ்சிருந்துச்சு, தொலைஞ்சே நீ!" வர்றேங்குது. எங்க வீட்டுக்கு வர்றேங்குது! எடுத்தாச்சுண்ணே, மடியிலதான் இருக்கு, குளுகுளுன்னு இருக்குன்னு சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னா "சரி"ன்னு வச்சிடும். எனக்குத் தெரியும் என் அண்ணனை, வேலை முடிஞ்சா வச்சிடும். "இன்னும் எடுக்கலண்ணே. மாடியிலதான் இருக்கு"ன்னேன். "அடிப்பாவி! ஓடு! ஓடிப் போயி எடு, நான் லைன்லயே இருக்கேன்!" "போறேண்ணே, போய்க்கிட்டே இருக்கேன்." "எங்க இருக்கே இப்ப?" "படியில ஏறிக்கிட்டு இருக்கேன். ரெண்டு மாடிண்ணே. இப்ப வாடகைக்கு வந்திருக்கற வீடு, நீ பாத்ததில்ல." அப்புறம் கொஞ்சம் எறங்கின குரல்ல, "மெதுவா ஏறு, விழுந்து வைக்காத"ன்னுச்சு. "சரிண்ணே"ன்னு சொல்லி, குச்சியை மடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, உக்காந்த எடத்துலயே அதுக்குக் கேக்கற மாதிரி ரெண்டு காலையும் தொம்மு தொம்முனு மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டு இருந்தேன்.